53.8 சதவீதத்தோடு பி.எச்டி. சேர முடியுமா?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவள். வயது 32. அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் எம்.ஏ. பொருளியல் படித்து 53.8 சதவீதம் வாங்கினேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இப்போது தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை. மூன்று வயதில் குழந்தை இருக்கிறது. முதலில் எம்.ஃபில்., பிறகு பி.எச்டி. என்று நினைத்திருந்தேன். 55 சதவீதம் இல்லாவிட்டால் எதற்கும் விண்ணப்பிக்க முடியாது என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பி.எச்டி.யை இரண்டே ஆண்டில் முடித்துத் தருகிறோம், ஆய்வேட்டையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி மூன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. எங்கிருந்து தொடங்குவது? பி.இ. கடைசி ஆண்டு படிக்கும் என் தம்பியும், எம்.இ. படிக்காமல் நேராக ஆராய்ச்சிக்குப் போக முடியுமா என்று கேட்கச் சொன்னான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பி.எச்டி. சேரும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. அதை ஒரு சான்றிதழால் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் பற்றி விவரமாகச் சொல்வதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: அந்த நிறுவனத்துக்கு முன்பணமாகக்கூட ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கு இப்போது நடப்பில் இருப்பவை பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள். தொலைநிலைக் கல்வியாகவோ ஆன்லைனாகவோ பி.எச்டி. நடத்தக் கூடாது என்று அவை நேரடியாகவே சொல்கின்றன. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கைகோத்துக் கல்வி வணிக நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் ஆன்லைன் பி.எச்டி.க்கு அங்கீகாரம் கிடையாது என்று யு.ஜி.சி.யும், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து 2022 அக்டோபரிலேயே எச்சரித்தன. பி.எச்டி.க்குக் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு. ஆகவே "இரண்டே ஆண்டு" என்ற பேச்சு வந்த இடத்திலேயே அது விதிக்குப் புறம்பானது என்று தெரிந்துவிடுகிறது. ஆய்வேட்டை வேறொருவர் எழுதித் தந்தால், பட்டம் கையில் வந்த பிறகும் அதைப் பறிக்க முடியும். அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகமாகவே இருந்தாலும் விதியை மீறினால் தப்ப முடியாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பி.எச்டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. தடை போட்டது. அங்கே பணம் கட்டிச் சேர்ந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எம்.ஃபில். பற்றி. அந்தப் படிப்பு இப்போது இல்லை. உயர்கல்வி நிறுவனங்கள் எம்.ஃபில். நடத்தக் கூடாது என்று அதே 2022 விதிமுறை சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் சில இடங்களில் விண்ணப்பம் வாங்கியதால் 2023 டிசம்பரில் யு.ஜி.சி. மறுபடியும் அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. முன்பே முறையாகப் படித்து வாங்கியவர்களின் எம்.ஃபில். செல்லும். புதிதாக யாராவது இடம் தருகிறோம் என்றால் சேராதீர்கள். எம்.ஏ. முடித்தவர் நேராகப் பி.எச்டி.க்கு விண்ணப்பிப்பதுதான் இன்றைய வழி. ஓராண்டும் அதற்கான கட்டணமும் உங்களுக்கு மிச்சம்.

இனி அந்த 55 சதவீதம். விதி இதுதான்: மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் இரண்டாண்டு முதுகலை, அதில் குறைந்தது 55 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் (வசதி படைத்த மேல்தட்டில்) வராத இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓ.பி.சி.), மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. அதாவது உங்களுக்கு 50 போதும். உங்கள் 53.8 அதைத் தாண்டிவிட்டது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்டிலும் உங்களுக்கு இதே கணக்குத்தான். அங்கே மதிப்பெண்ணை முழு எண்ணாக்கும் வழக்கம் கிடையாது, பொதுப்பிரிவில் 54.9 வாங்கியவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் உங்களுக்கு இந்தத் தளர்வு உயிர்நாடி.

பலர் தடுக்கி விழும் இடம் இது. உங்களிடம் இருக்கும் தமிழ்நாடு அரசின் பி.சி. சாதிச் சான்று இதற்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் வழங்கப்படும் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் விசாரித்துத் தரும். உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் தமிழ்நாட்டுக்கான பகுதியில் இருக்கிறதா என்பதைத் தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் முதலில் பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டு வேறாக இருந்தாலே கேள்வி கேட்பார்கள். சாதிச் சான்று மாறாது. ஆனால் கிரீமி லேயரில் இல்லை என்பது வருமானத்தைப் பொறுத்தது என்பதால் ஓ.பி.சி. சான்றைப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். போன வருடச் சான்றைப் பதிவேற்றியதால் விண்ணப்பம் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, அங்கே 55 இல்லாமல் நிராகரிக்கப்படுவது வழக்கமாக நடக்கிறது. உங்கள் விஷயத்தில் அப்படி நடந்தால் மொத்தமும் போய்விடும்.

கிரீமி லேயர் வரம்பு ஆண்டுக்கு 8 லட்ச ரூபாய். திருமணமான பெண்களுக்கு ஒரு தகவல்: இதில் பார்க்கப்படுவது பெற்றோரின் நிலை, கணவரின் வருமானம் அல்ல. அந்த 8 லட்சக் கணக்கில் பெற்றோரின் மாதச் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் அரசுப் பணியில் இருந்திருந்தால் அவர்கள் வகித்த பதவியின் தரம் தனியாகப் பார்க்கப்படும். இ-சேவை மையத்தில் கணவரின் சம்பளச் சான்று கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது நுழைவு. பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு ஒரு வழி. அதில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியலிலிருந்தும் பாதிக் கேள்விகள் பாடத்திலிருந்தும் வரும். 50 சதவீதம் வாங்கினால்தான் நேர்காணலுக்கு அழைப்பு. இதிலும் உங்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதத்தில் தரவரிசை போடுவார்கள். முறையியலைத் தொடாமல் பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் தோற்கிறார்கள். மாதிரியெடுப்பு, கருதுகோள், டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை, தொடர்புப் போக்கு, வினாநிரல் தயாரிப்பு ஆகியவற்றைக் கணக்குப் போட்டுப் பழகாமல் தேர்வறைக்குள் போகாதீர்கள்.

இன்னொரு வழி நெட். உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2024 ஜூன் சுற்றிலிருந்து நெட் தேர்வில் மூன்று நிலைகளில் தகுதி தருகிறார்கள். முதல் நிலையில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பி.எச்டி. சேர்க்கை மூன்றும் கிடைக்கும். இரண்டாம் நிலையில் உதவித்தொகை இல்லை, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாம் நிலை பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும். இரண்டாம், மூன்றாம் நிலைக்காரர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடுத்துக்கொள்கிறார்கள். நெட்டில் 80 பெர்சன்டைல், நேர்காணலில் நூற்றுக்கு 65 என்றால் 56, 19.5 இரண்டும் சேர்ந்து 75.5. இந்த இரண்டு நிலைகளுக்கும் பி.எச்டி. சேர்க்கைக்கான செல்லுபடி ஓராண்டுதான். ஆகவே தேர்வு முடிவு வந்த பிறகு ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேடத் தொடங்கினால் காலம் போதாது. இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் நடத்துங்கள்.

நெட் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் சுற்றும் டிசம்பர் சுற்றுமாக நடக்கிறது. முதல் தாளில் 50 கேள்விகளுக்கு 100 மதிப்பெண், பொருளியல் தாளில் 100 கேள்விகளுக்கு 200 மதிப்பெண், இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஒரு கேள்வியையும் விடாமல் எழுதுங்கள். வயது பற்றிக் கவலை வேண்டாம். ஜே.ஆர்.எஃப்.க்கு 30 என்ற வரம்பு பெண்களுக்கும் ஓ.பி.சி. பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்கிறது. இரண்டையும் கூட்டிப் பத்து ஆக்க முடியாது. உங்களுக்கு வரம்பு 35. மற்ற இரண்டு நிலைகளுக்கும் வயது வரம்பே இல்லை.

உங்களுக்கு உண்மையில் தடையாக இருக்கப்போவது மொழி. பொருளியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவருக்குப் பாடம் தெரிந்திருக்கும். கேள்வியில் உள்ள சொல் புரியாமல் விட்டுவிடுவார். நெகிழ்ச்சி, சமநோக்கு வளைகோடு, இறுதிநிலைப் பயன்பாடு, பணப்பெருக்கி என்று நீங்கள் படித்த ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயரை நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டு, பழைய வினாத்தாள்களை அதோடு ஒப்பிட்டுப் படியுங்கள். ஆறு மாதம் இதைச் செய்தால் மொழிச் சுமை பெருமளவு இறங்கிவிடும். முதல் தாளில் பத்து அலகுகள், அலகுக்கு ஐந்து கேள்வி. அதில் ஆய்வுத் திறன் என்ற அலகுக்குப் படிப்பது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் உதவும்.

நெட்டை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரி வேலை உங்கள் எண்ணத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். 2023 ஜூலை முதல், உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்வுகள் ஆகியவற்றில் ஒன்று குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயமில்லை. ஐந்தாறு ஆண்டு உழைத்துப் பட்டம் வாங்கிய பின் நெட் இல்லையே என்று திரும்பிவந்து எழுதுபவர்கள் நிறைய. இப்போதே எழுதிவிடுங்கள்.

முழுநேரமா, பகுதிநேரமா? இந்தக் கேள்வியைப் பணத்தோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆக உயர்த்தப்பட்டால் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இந்தத் தொகை முழுநேர ஆய்வாளருக்கு மட்டும். வேலையில் இருந்துகொண்டு வாங்க முடியாது. பல தனியார் பள்ளிகளின் சம்பளத்தை விட இது அதிகம் என்பதால், கிடைத்தால் யோசிக்காமல் வேலையை விட்டுவிடலாம். ஜே.ஆர்.எஃப். வராவிட்டால், சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) தரும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கும், தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் அறிவிக்கை வரும்போது பாருங்கள். எதுவும் அமையவில்லை என்றால் பகுதிநேரம்.

பகுதிநேரத்துக்கும் தகுதி விதிகள் அதேதான். கூடுதலாகப் பள்ளி நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒற்றை வரியில் வாங்கிவராதீர்கள். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கப் பணி தடையாக இருக்காது, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் (ஆய்வின் தொடக்கத்தில் படித்துத் தேற வேண்டிய பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதித் தரத்தான் தனியார் பள்ளிகள் தயங்கும். அதனால் விண்ணப்பிக்கும் நாளுக்கு வெகு முன்பே தாளாளரிடம் பேசிவிடுங்கள். பகுதிநேர ஆய்வாளருக்குக் குறைந்தபட்சக் காலத்தைக் கூட்டி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும், பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி நிபந்தனை போடும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. சேர்க்கை அறிவிக்கையில் அந்தப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

எங்கே சேர்வது? தென்காசி மாவட்டம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. அபிஷேகப்பட்டியில் உள்ள பல்கலைக்கழகத் துறையில்தான் சேர வேண்டும் என்றில்லை. அதன்கீழ் உள்ள கல்லூரிகளில் ஆய்வு மையமாக அங்கீகாரம் பெற்ற பொருளியல் துறைகளிலும் சேரலாம். சிறு குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் போய்வர வேண்டியவருக்கு மையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது அற்பமான கேள்வி அல்ல. எம்.ஏ. வேறு பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் இடப்பெயர்வுச் சான்று கேட்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் இருக்கும் பெயரும் முதலெழுத்தும் பட்டச் சான்றிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிய பெண்களுக்கு இது கடைசி நேரத்தில் பெரிய தலைவலி.

நெறியாளர் விஷயத்தில் நிதானம் தேவை. நிரந்தரப் பணியில் உள்ள பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஆகவே "சார், உங்களிடம் இடம் காலியாக இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்க முடியாது. விதிப்படி நெறியாளரை ஒதுக்குவது துறைதான் என்றாலும், நடைமுறையில் அவருடைய சம்மதத்தை முன்கூட்டி வாங்கிவரச் சொல்லும் இடங்களே அதிகம்.

ஒருவரை அணுகும் முன் ஷோத்கங்கா இணையதளத்துக்குப் போய் அவர் பெயரைத் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளில் இரண்டை எடுத்து, முன்னுரையையும் முறையியல் இயலையும் படியுங்கள். எந்த ஆண்டு பதிவு, எந்த ஆண்டு பட்டம் என்ற விவரம் பெரும்பாலும் இருக்கும். எல்லோரும் ஏழெட்டு ஆண்டு எடுத்திருந்தால் ஏன் என்று கேட்டறிய வேண்டும். இப்போது அவரிடம் ஆய்வு செய்பவர் ஒருவரையாவது தனியாகச் சந்தித்து, எழுதிக் கொடுத்த இயலை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார், வீட்டு வேலை சொல்கிறாரா, பணம் கேட்கிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள். நெறியாளருக்கோ தேர்வாளருக்கோ ஆய்வாளர் பணமும் பரிசும் தர வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நடுவில் நெறியாளரை மாற்றுவது பெரும் சிரமம்.

இப்போது உங்கள் தலைப்பு. நேர்காணலில் உங்களுக்கு இடம் வாங்கித் தரப்போவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

"தென்காசி மாவட்டப் பீடித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு போனால், குழுவினர் முதல் நிமிடத்திலேயே ஆர்வம் இழந்துவிடுவார்கள். ஊர்ப் பெயரையும் தொழிலின் பெயரையும் மாற்றி மாற்றி எழுதப்பட்ட அந்த வகை ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. அதில் கேள்வியே இல்லை. வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அட்டவணை போட்டால் அது கணக்கெடுப்பு ஆகும், ஆய்வு ஆகாது.

உங்கள் ஊரிலேயே நல்ல கேள்விகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். பீடிக்கு முன்பு தனியாக ஒரு நலவரி இருந்தது. அதில் சேர்ந்த நிதியிலிருந்துதான் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீடு கட்ட மானியம், மருந்தகம் எல்லாம் நடந்தன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நலவரி ரத்தானது. நலத்திட்டங்களின் செலவு பொதுப் பட்ஜெட்டைச் சார்ந்ததாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பீடி சுற்றும் குடும்பத்துக்குக் கிடைத்த உதவிகளில் என்ன மாறியது? அடையாள அட்டை உள்ளவர்களுக்கும், ஒப்பந்தக்காரர் மூலம் அட்டை இல்லாமல் சுற்றுபவர்களுக்கும் இடையே அந்த மாற்றம் ஒரே மாதிரி இருந்ததா? இதற்கு ஒரு காலக்கோடு இருக்கிறது, ஒப்பிட இரண்டு குழுக்கள் இருக்கின்றன, பார்க்க ஆவணங்கள் இருக்கின்றன. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரும்வரை, வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளராகவே கருதியது என்பது உங்கள் முதல் இயலுக்கு நல்ல அடித்தளம். இந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்காக்கள் சொல்வதைக் கேட்டால் இதைவிடக் கூர்மையான ஒன்று கிடைக்கலாம். கேள்வி, முடிவு தெரியாததாகவும், தரவு கிடைக்கக்கூடியதாகவும், ஒருவரால் மூன்று நான்கு ஆண்டில் முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஆய்வு முன்மொழிவு ஆறு முதல் எட்டுப் பக்கம் போதும். பிரச்சினை ஒரு பக்கம். அடுத்து, முன்பு வந்த ஆய்வுகள் இரண்டு பக்கம். இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று அடுக்காமல், எதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், எதை யாரும் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். பிறகு கேள்விகள், மூன்றுக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு முறையியல். இதற்கு இரண்டு பக்கம் முழுசாக ஒதுக்குங்கள். கடைசியில் கால அட்டவணையும் நூற்பட்டியலும்.

முறையியலில் எல்லோரும் சொல்லும் ஓர் எண் 384. மக்கள்தொகை மிகப் பெரியது, நம்பக அளவு 95 சதவீதம், பிழை 5 சதவீதம், எளிய சமவாய்ப்பு மாதிரி என்றால் அந்த எண் வரும். நீங்களோ சில கிராமங்களைத் தேர்ந்து, அங்கே உள்ள வீடுகளுக்குப் போகப்போகிறீர்கள். அது கொத்து மாதிரி. ஒரே தெருவில் உள்ள வீடுகள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும் என்பதால் அதே துல்லியத்துக்குக் கூடுதல் வீடுகள் தேவை. "384 ஏன்?" என்று குழுவில் ஒருவர் கேட்டே தீருவார். அங்கே இந்த விளக்கத்தைச் சொல்பவர் தனித்துத் தெரிவார். பெயர்ப் பட்டியல் எங்கிருந்து கிடைக்கும் என்பதையும் முன்பே யோசியுங்கள். அட்டை உள்ளவர்களின் பட்டியல் இருக்கும். அட்டை இல்லாதவர்களுக்குப் பட்டியலே கிடையாது. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதற்கு நீங்கள் எழுதும் பத்திதான் அந்த முன்மொழிவின் தரத்தைக் காட்டும். 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பை (பி.எல்.எஃப்.எஸ்.) மாநில அளவிலான பின்னணிக்குப் பயன்படுத்துங்கள். அதன் பழைய சுற்றுகளிலிருந்து மாவட்ட அளவு எண்களை எடுக்க முடியாது.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா என்ற கேள்வி உங்களுக்கு வரும். சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. பதிவு செய்யும்போதே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். பாதியில் மாற்ற முயல்வது அலைச்சல்.

சேர்ந்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க். ஆய்வு அறம் பற்றிய இரண்டு கிரெடிட் தாளும் அதற்குள் அடங்கும். அதில் 55 சதவீதம் வாங்கினால்தான் ஆய்வைத் தொடர முடியும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். உச்ச வரம்பு ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு சேர்த்து மொத்தம் பத்து ஆண்டுவரை போகலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள்வரை உண்டு. குடும்பம் வேறு ஊருக்கு மாறினால், பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவுகளை அங்குள்ள நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் விதி இடம் தருகிறது. கணவருக்கு இடமாற்றம் வந்ததும் ஆய்வை அப்படியே விட்டுவிடும் பெண்கள் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

சமர்ப்பிக்கும் முன் எழுத்துத் திருட்டுச் சோதனை. ஒற்றுமை 10 சதவீதம்வரை பிரச்சினை இல்லை. 10க்கு மேல் 40வரை இருந்தால் திருத்தித் தர வேண்டும், 40க்கு மேல் 60வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதற்கு நேர்மையற்றவர்கள் மட்டும் ஆளாவதில்லை. படித்ததைக் குறிப்பெடுக்கும்போது எந்த வரி யாருடையது என்று எழுதாமல் விட்டவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாளிலிருந்தே பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். பின் வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிட்டு, பொது வாய்மொழித் தேர்வு நடக்கும். சமர்ப்பித்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் அந்த விதியைச் சுட்டிக் கடிதம் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆய்விதழ்க் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை 2022 விதிமுறை நீக்கியது. பல்கலைக்கழகங்கள் தம் அளவில் வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களுக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

தம்பிக்கு: முடியும். எட்டுப் பருவங்கள் கொண்ட நான்காண்டு இளங்கலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் யு.ஜி.சி. விதிப்படி நேராகப் பி.எச்டி.க்குத் தகுதி, அவருக்கும் தன் பெயரில் வாங்கிய ஓ.பி.சி. சான்றின்பேரில் 5 சதவீதத் தளர்வு பொருந்தும். நெட்டும் எழுதலாம். ஐ.ஐ.டி.க்கள் தமக்கென்று தனி விதி வைத்திருப்பதால் ஒவ்வொன்றின் அறிவிக்கையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்று இன்னும் தெரியாத பொறியியல் பட்டதாரிக்கு நான் சொல்வது எம்.எஸ். ஆராய்ச்சிப் பட்டம். சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. எம்.டெக்.கை விடப் பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் முக்கியம். பிடித்துப்போனால் பி.எச்டி.க்குத் தொடரலாம், பிடிக்காவிட்டால் முழுமையான ஒரு முதுகலைப் பட்டத்தோடு வேலைக்குப் போகலாம். அதற்கு கேட் (பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) எழுதட்டும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். கடைசி ஆண்டு மாணவரும் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.